கிளை வெட்டும் முன் கேளுங்கள்

சுங்கை சிப்புட்டில் மரக்கிளை வெட்டும் வேலையில் எனக்கு இது இருபத்தேழாவது வருடம். பிறந்து வளர்ந்தது பக்கத்துக் கித்தா (ரப்பர்) தோட்டத்து லயத்தில். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயம் காலியாகி, நாங்கள் டவுனுக்கு வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு பாராங் கத்தியும் மரம் ஏறப் பழகிய கால்களும்தான். மீதியெல்லாம் வேலையில் கற்றது. போன இதழில் "மரவேலைச் சாமான்களைப் பற்றிக் கேளுங்கள்" என்று ஆசிரியர் ஒரு வரி போட்டிருந்தார். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செயின்சாவைப் பற்றியவை. ஆனாலும் செயின்சா இல்லாத ஒரு வாசகியின் கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம் ஆட்களில் பெரும்பாலானவர்களின் நிலைமை அதுதான்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் ரம்புத்தான் மரம் இருக்கிறது. கிளை கூரையில் உரசுகிறது. போன தடவை பாராங்கால் வெட்டியபோது கிளை கிழிந்து இறங்கி, தண்டுப் பட்டையும் ஒரு முழத்துக்கு உரிந்துவிட்டது. செயின்சா வாங்க வசதி இல்லை. என்ன சாமான் வாங்கலாம் அண்ணே?
– வாசகி, தாப்பா

பதில்: தங்கச்சி, வசதி இருந்தாலும் ஒரு ரம்புத்தான் மரத்துக்குச் செயின்சா வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். நல்ல கை ரம்பம் ஒன்று, கிளை கத்தரிக்கும் கத்தரி ஒன்று, கொஞ்சம் தேங்காய் எண்ணெய், பழைய துணி. உங்கள் மரத்துக்கு இது போதும்.

தச்சர் வைத்திருக்கும் நேர் ரம்பத்தை எடுக்காதீர்கள். அலகு பிறைபோல் லேசாக வளைந்திருக்கும் ரம்பமாகக் கேளுங்கள். 'கெர்காஜி டஹான்' என்றால் எந்த இரும்புக்கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். அலகு 30 சென்டிமீட்டர் இருந்தால் சரி. அதன் பற்கள் கைப்பிடியை நோக்கிச் சாய்ந்திருக்கும். இழுக்கும்போது அறுக்கும், தள்ளும்போது சும்மா போகும். நம் பலமெல்லாம் இழுப்பில் இருப்பதால் அலகு மெல்லிசாக இருந்தாலும் மடங்காது, கையும் சீக்கிரம் சோராது. ஜப்பானிய ரம்பங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். பல் நுனிகள் கருத்துப்போன மாதிரி தெரிந்தால் அவை சூடேற்றிக் கடினமாக்கப்பட்டவை. ரொம்ப நாள் உழைக்கும், ஆனால் அரம் போட்டுத் தீட்ட முடியாது. அதனால் அலகை மட்டும் மாற்றக்கூடிய ரகமாகப் பார்த்து வாங்குங்கள்.

கத்தரியில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் இரண்டு அலகும் நம் வீட்டுக் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று தாண்டிப் போகும். இன்னொன்றில் ஒரு அலகு தட்டையான இரும்பின்மேல் வந்து உட்காரும். பச்சைக் கிளைக்கு முதல் வகைதான் வேண்டும். இரண்டாவது வகை கிளையை நசுக்கிவிடும், காய்ந்த குச்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பெருவிரலைவிடத் தடிமனாக இருந்தால் கத்தரியை விட்டுவிட்டு ரம்பத்தை எடுங்கள்.

சரி, பாராங் ஏன் கூடாது? என் அம்மா முப்பது வருடம் பால் வெட்டியவர். கித்தா மரத்தில் பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உள்பக்கத்தில், கட்டையை ஒட்டி இருக்கின்றன. கத்தி அதுவரைக்கும் போகவேண்டும், ஆனால் கட்டையில் படக்கூடாது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டை மிச்சம் நிற்கவேண்டும். அங்கேதான் மரத்துக்குப் புதுப்பட்டை வளர்க்கும் மெல்லிய தோல் இருக்கிறது. அம்மா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியும் முன் நிரைக்குள் இறங்குவார். நானூறு, ஐந்நூறு மரம். அந்த இருட்டிலும் கத்தி அந்த ஒரு மில்லிமீட்டருக்கு முன்னாலேயே நின்றுவிடும். கட்டையில் பட்டுவிட்டால் அதற்குக் 'காயம்' என்று பெயர். மண்டோர் (மேற்பார்வையாளர்) நிரை நிரையாக வந்து காயத்தை எண்ணுவார். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும், அங்கே அப்புறம் கத்தி ஓடாது. மரத்துக்கு அந்த மெல்லிய தோல்தான் எல்லாம் என்பதை நான் தெரிந்துகொண்டது அம்மாவின் பின்னால் பால் பிடிக்கும் மங்கு துடைத்துக்கொண்டு நடந்த வயதில். பாராங் அந்தத் தோலைப் பிளந்து கிழிக்கிறது. ரம்பம் அதைச் சுத்தமாக அறுக்கிறது.

இனி வெட்டும் முறை. மூன்று வெட்டு, தங்கச்சி. தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் முதல் வெட்டு. கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்குப் போனால் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு விரல்கடை வெளியே தள்ளி மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை முறிந்து விழும்போது கிழிசல் அடி வெட்டுவரைக்கும் வந்து நின்றுவிடும், தண்டுக்குப் போகாது. உங்களுக்குப் போன தடவை பட்டை உரிந்தது அந்த அடி வெட்டு இல்லாததால்தான். மிச்சம் நிற்கும் குட்டைக் கட்டையை மூன்றாவதாக அறுக்க வேண்டும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் மாட்டியதுபோல் ஒரு புடைப்பு இருக்கும், தடவிப் பார்த்தாலே தெரியும். அந்தப் புடைப்பை மரத்துக்கே விட்டுவிட்டு, அதற்குச் சற்று வெளியே அறுங்கள். வெட்டை மூடும் தசை அங்கிருந்துதான் வளரும். தண்டோடு வழித்து அறுத்தால் அழகாகத் தெரியும், ஆனால் அந்த வெட்டு மூட எத்தனையோ வருடம் ஆகும்.

பழம் முடிந்த கையோடு வெட்டுங்கள். ஏணியில் நின்று வெட்டாதீர்கள். கை எட்டாத உயரம் என்றால் நீளக் கம்பில் மாட்டிய ரம்பத்தைத் தரையில் நின்றே பயன்படுத்தலாம். ஆனால் கிளைக்கு நேர் கீழே நிற்கக்கூடாது. பிசின் ஒட்டினால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள், பலா வெட்டும் கைக்குச் செய்வது போலத்தான்.

கேள்வி: எனக்கு 23 வயது. செம்பனைத் தோட்டத்தில் குத்தகைக்கு வேலை செய்கிறேன். மரம் வெட்டும் தொழிலைத் தனியாகத் தொடங்க ஆசை. சேமிப்பில் முதலில் எந்தச் செயின்சா வாங்குவது? மரம் ஏற முள் வைத்த இரும்புக் கால் வாங்கணுமா?
– வாசகர், லூனாஸ்

பதில்: தம்பி, முதலில் கயிறு. அப்புறம் ஹார்னஸ் (உடம்பைத் தாங்கும் வார்), ஹெல்மெட். அதற்கப்புறம் கை ரம்பம். செயின்சா கடைசி. நான் இதைத் தலைகீழாகச் செய்தவன். அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

1999இல் ஒரு குத்தகைக்காரரிடம் வேலை செய்தேன். பள்ளிக்கூடச் சாலையோரம் ஒரு பெரிய அங்சானா மரம். இடுப்பில் ஒரு வாரும், இரும்புக்கடையில் வாங்கிய நீல நிறப் பிளாஸ்டிக் கயிறும்தான் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒற்றைக் கயிறு. இடது பக்கக் கிளையை அறுத்துக்கொண்டிருக்கும்போது செயின்சா கிளையைத் தாண்டி வெளியே வந்தது. கயிற்றில் பட்டதே எனக்குத் தெரியவில்லை. சத்தமே இல்லை. செயின்சாவை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் என் தலைக்கு ஒரு சாண் மேலே கயிறு முக்கால்வாசி அறுந்து, நூல் நூலாகப் பிரிந்து, ஒவ்வொரு நூலும் தனித்தனியாக முறுக்கு அவிழ்ந்துகொண்டிருந்தது. கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கீழே இருந்தவர் ஏணி கொண்டுவர இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த நூல்களைத்தான்.

அந்த நாளுக்குப் பிறகு கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். மரத்தில் செயின்சா ஓடும்போது உன்னை இரண்டு பிடி பிடித்திருக்க வேண்டும். ஒன்று, மேலே நல்ல கவையில் போட்ட ஏறு கயிறு. இரண்டு, இடுப்பிலிருந்து தண்டைச் சுற்றி வரும் குட்டைக் கயிறு. இந்தக் குட்டைக் கயிறு உள்ளே எஃகுக் கம்பி வைத்ததாக இருந்தால் நல்லது. செயின்சாவுக்கு எஃகுக் கம்பியும் தாக்குப்பிடிக்காது என்று நினைவில் வைத்துக்கொள். ஒரு நொடி கூடுதலாகத் தரும், அவ்வளவுதான். ஒன்று அறுந்தாலும் இன்னொன்று இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு.

ஏறு கயிறு பாலியெஸ்டரில், 11 முதல் 13 மில்லிமீட்டர் தடிமனில், மரம் ஏறுவதற்கென்றே செய்ததாக இருக்கவேண்டும். உள்ளே பாரம் தாங்கும் இழை, வெளியே பின்னிய உறை. வாங்கும்போது சீட்டில் 22 கிலோநியூட்டன் அல்லது அதற்கு மேல் போட்டிருக்கிறதா பார். சுமார் 2,200 கிலோ பாரத்துக்குச் சமம். இரும்புக்கடைக் கயிறு பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். நம் வெயிலில் கிடந்தால் தூள் தூளாக உதிரும். உரசல் சூட்டில் சுமார் 165 டிகிரியிலேயே உருகிவிடும். பாலியெஸ்டர் 250 டிகிரியைத் தாண்டும். கயிற்றைப் பிடித்துச் சறுக்கி இறங்கும்போது இந்த வித்தியாசம்தான் உன் உயிர். நைலான் கயிறு இழுபடும், நனைந்தால் பலமும் குறையும். நம் ஊரில் மழை எப்போது வரும் என்று யார் சொல்வது?

அப்புறம் ஒன்று. கிளையை இறக்கப் பயன்படுத்திய கயிற்றில் ஆள் ஏறக்கூடாது. பாரம் குதித்து விழும்போது உள்ளே இழைகள் அறும், வெளியே தெரியாது. என் ஏறு கயிறு ஆரஞ்சு நிறம், பாரக் கயிறு வெள்ளை. லோரியில் இரண்டு வேறு பைகளில்தான் கிடக்கும். தினமும் காலையில் பசியாறிய பிறகு ஏறு கயிற்றை முழு நீளத்துக்கும் விரலிடுக்கில் விட்டு இழுத்துப் பார்ப்பேன். ஓரிடத்தில் மெலிந்தாலோ, விறைத்தாலோ, பளபளவென்று கண்ணாடிபோல் ஆகியிருந்தாலோ அந்தக் கயிறு அன்றோடு சரி.

ஹார்னஸ் இடுப்போடு சேர்த்துத் தொடையையும் தாங்கவேண்டும். வெறும் இடுப்புவாரில் தொங்கினால் மூச்சு முட்டும். ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் புருசிக் என்பவர் 1931இல் மலையேறுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முடிச்சு ஒன்று உண்டு. சின்னக் கயிற்றைப் பெரிய கயிற்றில் சுற்றிப் போடுவது. பாரம் இல்லாதபோது நகரும், பாரம் ஏறினால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மரவேலையில் இன்றைக்குப் போடும் பிடிமுடிச்சுகள் பலவும் அந்த ரகம்தான். வீட்டு மாமரத்தில், தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில் தொங்கி, ஒரு மாதம் பழகு. கண்ணை மூடிக்கொண்டு போடவும் அவிழ்க்கவும் வரவேண்டும்.

முள் வைத்த இரும்புக்கால் வெட்டிச் சாய்க்கப்போகும் மரத்துக்கு மட்டும். உயிரோடு விட்டுவைக்கும் மரத்தில் அதைப் போட்டு ஏறினால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு காயம். தாப்பா வாசகிக்குச் சொன்ன அதே மெல்லிய தோல்தான். கிளையை மட்டும் கழிக்கக் கூப்பிட்ட வீட்டில் இந்தக் காலோடு போய் நின்றால், மரம் தெரிந்தவர் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார். கயிற்றை மேலே போடுவதற்கு மணல் நிரப்பிய சின்னப் பை, 300 கிராம் போதும், மெல்லிய நூல் கட்டி எறிய வேண்டும். நூல் கவையைத் தாண்டி இறங்கியதும் அதன் முனையில் கயிற்றைக் கட்டி இழுத்துவிடலாம்.

செயின்சாவுக்கு வருவோம். ஒற்றைக் கையால் தூக்கும் மாதிரி மேலே கைப்பிடி வைத்த சின்னச் செயின்சாவைப் பார்த்து ஆசைப்படாதே. அது கயிற்றில் தொங்கிப் பழகியவர்களுக்கு, அதையும் இரண்டு கையால்தான் பிடிக்கவேண்டும். தரை வேலைக்குப் பின்கைப்பிடி வைத்த, 35 முதல் 40 சென்டிமீட்டர் அலகுள்ள செயின்சாவில் தொடங்கு. உதிரிப் பாகம் உன் ஊரிலேயே கிடைக்கிற கம்பெனியாகப் பார். முன்னால் இருக்கும் கைமறைப்பு வெறும் மறைப்பு இல்லை, அதுதான் பிரேக். அலகு நுனியின் மேல்பாதி எதிலாவது இடித்தால் செயின்சா உன் முகத்தை நோக்கி எகிறும். அந்த நொடியில் மறைப்பு முன்னால் சாய்ந்து சங்கிலியை நிறுத்தும். தினமும் காலையில் பிரேக்கைப் போட்டுச் சோதித்துவிட்டு வேலையைத் தொடங்கு.

சங்கிலி வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும். செயின்சா கால்சட்டையின் உள்ளே நீளநீளமாக இழைகள் அடைத்திருப்பார்கள். சங்கிலி பட்டதும் இழைகள் வெளியே இழுபட்டுப் போய்ப் பல்சக்கரத்தில் சுற்றி அதை நிறுத்தும். நம் வெயிலில் அதைப் போட்டுக்கொள்வது கஷ்டம், எனக்குத் தெரியும். முன்பக்கம் மட்டும் மறைக்கும் வகை இருக்கிறது, பின்னால் காற்று போகும். அதையாவது கட்டு. தொடையில் செயின்சா பட்ட ஒருவரைக் கோல கங்சார் ஆஸ்பத்திரிக்கு என் மடியில் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். பிழைத்துக்கொண்டார், ஆனால் இன்றுவரை அந்தக் காலை மடக்க முடியாது.

கயிறு இல்லாமல் ஏறு என்று முதலாளி சொன்னால் ஏறாதே. வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 1994இல் வந்தது. 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தம், உடனடி ஆபத்து இருக்கும் இடத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையைத் தொழிலாளிக்குத் தருகிறது. தனியாகத் தொழில் தொடங்கினால் சுயதொழில் செய்கிறவர்களுக்கான சொக்சோவில் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) முதல் மாதமே பதிந்துகொள். 2017ஆம் ஆண்டுச் சட்டம் அது.

கேள்வி: என் செயின்சா வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது. மரத்தில் வைத்து அழுத்தினால்தான் இறங்குகிறது. தூள் மாவுபோல் வருகிறது. நேராக வெட்டாமல் வலது பக்கமாக வளைந்து போகிறது. புதுச் சங்கிலி வாங்கணுமா?
– வாசகர், பாகான் செராய்

பதில்: வேண்டாம் ஐயா, அரம் வாங்குங்கள். நீங்கள் எழுதியதிலேயே இரண்டு நோயும் தெரிகிறது. தூள் மாவாக வந்தால் பல் மழுங்கிவிட்டது. நல்ல சங்கிலி துருவிய தேங்காய்போல் செதில் செதிலாகத் தள்ளும். வெட்டு வளைந்து போனால் ஒரு பக்கத்துப் பல் நீளம், மறு பக்கத்துப் பல் குட்டை.

இந்தச் சங்கிலியின் கதையைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. அமெரிக்காவின் ஓரிகனில் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர் ஜோசப் காக்ஸ். அந்தக் காலத்துச் சங்கிலிப் பற்கள் கை ரம்பப் பற்களைப்போல நேராக இருக்கும், அடிக்கடி அரம் போட்டே பாதி நாள் போய்விடும். 1946இல் ஒரு மரக்கட்டைக்குள் வண்டுப்புழு ஒன்று பச்சை மரத்தை இடமும் வலமுமாகச் சுரண்டித் தின்றுகொண்டு போவதைப் பார்த்தார். அதன் தாடைகள் 'சி' எழுத்துபோல் வளைந்திருந்தன. அந்தத் தாடையை எஃகில் செய்தார். இன்று உங்கள் செயின்சாவில் ஓடுவது அந்தப் புழுவின் தாடைதான். ஒரு பல் இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாறி மாறி வரும். அதனால்தான் ஒரு பக்கம் குட்டையானால் வெட்டு வளைகிறது.

அரம் உருண்டையாக இருக்கவேண்டும், அளவு சங்கிலிக்குத் தக்கபடி. வீட்டுக்கு வாங்கும் சின்னச் செயின்சாக்களில் பெரும்பாலும் ஓடும் தாழ்ந்த சங்கிலிக்கு 4 மில்லிமீட்டர். அடுத்த ரகத்துக்கு 4.8, பெரிய செயின்சாவுக்கு 5.2. உங்கள் கையேட்டில் போட்டிருக்கும். பார்க்காமல் வாங்கினால் பல் கெடும்.

அலகை ஒரு கட்டையில் இறுக்கிப் பிடிக்கவைத்து, பிரேக்கைப் போடுங்கள். கையுறை போடுங்கள். பல்லின் மேல்விளிம்பில் 30 டிகிரிச் சாய்வுக்கு ஒரு கோடு இருக்கும், அரம் அந்தக் கோட்டோடு ஒட்டிப் போகவேண்டும். உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள். திரும்பி வரும்போது தூக்கிவிடுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் அரமும் போகும், பல்லும் போகும். அரத்தின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு பல்லுக்கு மேலே தெரியட்டும். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளல் என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றுதான். உங்கள் சங்கிலியில் எந்தப் பல் ரொம்பக் குட்டையோ, மற்ற எல்லாவற்றையும் அந்த நீளத்துக்குக் கொண்டுவரவேண்டும். முதல் தடவை அரைமணி நேரம் பிடிக்கும். பல்லின் நுனியை வெயிலில் திருப்பிப் பாருங்கள். நுனியில் வெள்ளைக் கோடாக ஒளி மின்னினால் இன்னும் மழுங்கல்தான். கூர்மைக்கு மின்னல் கிடையாது.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு மொட்டைத் திட்டு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று அதுதான் அளக்கிறது. அதற்கும் பல்லுக்கும் பெரும்பாலான சங்கிலிகளில் 0.65 மில்லிமீட்டர் உயர வித்தியாசம். நாலைந்து தடவை பல்லைத் தீட்டிய பிறகு தட்டை அரத்தால் அந்தத் திட்டையும் கொஞ்சம் இறக்கவேண்டும். கூடுதலாக இறக்கினால் செயின்சா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு எகிறும். அதற்கென்று ஒரு சின்ன அளவுத்தகடு விற்கிறார்கள், அதை வைத்தே செய்யுங்கள். நான் ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் இரண்டு தள்ளல் அரம் போட்டுவிடுவேன். அம்மா சாயங்காலம் லயத்துப் படியில் உட்கார்ந்து, கல்லில் தண்ணீர் தெளித்துப் பால் வெட்டும் கத்தியைத் தீட்டாமல் ஒரு நாளும் படுத்ததில்லை. எனக்கும் அந்தப் பழக்கம்தான்.

கேள்வி: சங்கிலிக்கு எண்ணெய் விலை அதிகம். பழைய என்ஜின் எண்ணெய் ஊற்றினால் என்ன?
– வாசகர், ரவாங்

பதில்: ஊற்றாதீர்கள். பழைய எண்ணெயில் இரும்புத்தூள் இருக்கிறது, அலகின் பள்ளத்தை அரிக்கும். ஓடுகிற சங்கிலியில் ஒட்டாமல் தெறித்து உங்கள் முகத்திலும் மூச்சிலும் படும். அது தோலுக்கும் நுரையீரலுக்கும் கெடுதி. மரத்தடியில் கீரை போட்டிருந்தால் அதிலும் விழும். பெட்ரோல் கலவையிலும் கை சுருக்காதீர்கள். 50க்கு 1 என்றால் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி டூ-ஸ்ட்ரோக் என்ஜின் எண்ணெய். கலந்து ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் கோயில் அரசமரத்தில் ஒரு பெரிய கிளையை வெட்டிய இடத்தில் பொந்து விழுந்துவிட்டது. சிமெண்டு போட்டு அடைத்துத் தார் பூசலாம் என்கிறார்கள். மரத்துக்கு எதுவும் ஆகக்கூடாது.
– கோயில் பொறுப்பாளர், சிம்மோர்

பதில்: ஐயா, சிமெண்டும் வேண்டாம், தாரும் வேண்டாம். மரம் காற்றில் அசையும், சிமெண்டு அசையாது. இடையில் இடுக்கு விழுந்து தண்ணீர் தேங்கும். தார் ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும், பூஞ்சைக்கு அதுதான் வேண்டும்.

அமெரிக்க வனத்துறையில் அலெக்ஸ் ஷைகோ என்று ஒரு விஞ்ஞானி இருந்தார், 1930இல் பிறந்தவர். ஒரே ஆள் தூக்கும் செயின்சா வந்த பிறகு அவர் மரங்களைக் குறுக்கே வெட்டாமல் நெடுக்காகப் பிளந்து பார்த்தார். ஒன்றிரண்டு இல்லை, ஆயிரக்கணக்கில். அப்போதுதான் தெரிந்தது: நம் தோலில் காயம் ஆறுவதுபோல மரத்தில் ஆறுவதில்லை. காயம்பட்ட பகுதியைச் சுற்றி உள்ளேயே சுவர் எழுப்பி அதை ஒதுக்கிவிட்டு, வெளியே புதிதாக வளர்கிறது. தாரோ சாயமோ அந்த வேலைக்கு உதவவில்லை என்றும் அவர் காட்டினார். பொந்தைத் துப்புரவு செய்கிறேன் என்று உளியால் சுரண்டினால் மரம் எழுப்பிய அந்தச் சுவரையே உடைத்துவிடுவோம். உதிர்ந்து கிடக்கும் குப்பையைக் கையால் எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள்.

மரச்சுத்தியல் ஒன்று வாங்கிவையுங்கள். தண்டைச் சுற்றிலும் தட்டிக்கொண்டே வாருங்கள். பலாப்பழம் தட்டிப் பார்த்துப் பழகிய காதுக்கு இது சிரமமே இல்லை. கெட்டியான இடத்தில் 'டக்' என்று நின்றுவிடும், பொந்து விழுந்த இடத்தில் சத்தம் உள்ளே உருளும். உருளும் இடத்தைச் சாக்கட்டியால் குறித்து, ஆறு மாதம் கழித்து மறுபடி தட்டிப் பாருங்கள். குறி பெரிதானால் அல்லது அடிமரத்தில் தட்டுபோல் காளான் முளைத்தால் படித்த மர நிபுணரைக் கூப்பிடவேண்டும். செம்பனையின் அடியில் அந்தத் தட்டுக் காளானைப் பார்த்தவர்கள் உங்கள் கோயிலிலேயே நாலு பேர் இருப்பார்கள், அவர்களிடம் காட்டுங்கள். கூட்டம் கூடும் இடம், அதனால் தள்ளிப்போட வேண்டாம்.

ஒரு பழைய அங்சானாவை அறுத்தபோது உள்ளே யாரோ என்றோ அடைத்திருந்த சிமெண்டில் என் சங்கிலி பட்டுத் தீப்பொறி பறந்தது. முப்பது பல்லும் ஒரே நொடியில் போயின. நாளைக்கு உங்கள் மரத்தில் ஏறப்போகிறவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாங்கிளை மின்கம்பியில் படுகிறது. செம்பனை குலை வெட்டும் அலுமினியக் கம்பு இருக்கிறது. அதில் அரிவாள் மாட்டி வெட்டிவிடலாமா?
– வாசகர், பீடோர்

பதில்: கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், வேண்டாம். அந்த அலுமினியக் கம்பு மின்கம்பியில் பட்டுச் செம்பனைத் தோட்டங்களில் எத்தனை உயிர் போயிருக்கிறது. பச்சை மூங்கிலிலும் மின்சாரம் பாயும், நனைந்த மரக்கம்பிலும் பாயும், கம்பியைத் தொடும் கிளையிலேயே பாயும். ரப்பர் செருப்பு எதையும் தடுக்காது. நானும் கம்பிக்கு மூன்று மீட்டருக்குள் இருக்கும் கிளையைத் தொடுவதில்லை. மின்சாரக் கம்பெனியான தெனாகாவுக்கு 15454 எண்ணில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை பிள்ளைகளை மாங்காய் பறிக்க அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கேள்வி: என் நிலத்தில் இருக்கும் மரத்தை வெட்ட யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?
– வாசகி, கூலிம்

பதில்: பெரிய மரமென்றால் ஆமாம். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் உள்ள மரத்தைச் சாய்க்க உள்ளாட்சி மன்றத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். பட்டுப்போன மரம், உடனே விழப்போகும் மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. தையல் நாடாவை எடுத்து முதலில் அளந்து பாருங்கள் அம்மா. விலக்கு என்று நினைத்தாலும் வெட்டும் முன் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: பாட்டி இறந்த பிறகு அவர் பெட்டியில் பால் வெட்டும் கத்தி ஒன்று கிடைத்தது. முழுக்கத் துரு. தூக்கிப்போட மனமில்லை. இதைச் சரிசெய்ய முடியுமா? எதற்காவது பயன்படுமா?
– வாசகி, சுங்கை பட்டாணி

பதில்: முடியும் அம்மா. பிடி மரமாக இருந்தால் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். அலகில் மட்டும் மண்ணெண்ணெய் தடவி ஒரு இரவு வையுங்கள். காலையில் பித்தளை பிரஷால், இல்லாவிட்டால் பழைய பல் துலக்கியும் சாம்பலும் வைத்துத் தேயுங்கள். உப்புத்தாள் போடவேண்டாம், பாட்டி தீட்டிய முகம் போய்விடும். அந்த முகம் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். என் அம்மாவின் கத்தியில் ஒரு பக்கம் மட்டும் உள்வாங்கி, அலகு விரல் அகலத்துக்கு இளைத்துவிட்டது. அவர் எந்தக் கையால் வெட்டினார், எந்தச் சாய்வில் பிடித்தார் என்று அதிலேயே தெரியும்.

கோல கங்சாரில் மாவட்ட அலுவலகம் பக்கம் ஒரு பழைய கித்தா மரம் வேலி போட்டு நிற்கிறது. பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ காலத்தில், 1877இல் நட்ட ஒன்பதில் மிஞ்சியது என்று பலகை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகும்போது கத்தியையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். மரத்தில் வைத்துவிடாதீர்கள்.

வீட்டில் அதை வைத்து முருங்கைப் போத்தின் அடியைச் சீவலாம், ரோஜாவுக்கு ஒட்டுக் கட்டலாம். பட்டை சீவுவதற்கென்றே செய்த கத்தி, வேறெதுவும் அவ்வளவு சுத்தமாகச் சீவாது. தீட்டும்போது உட்பக்க வளைவுக்கு உருண்டைக் கல், வெளிப்பக்கத்துக்குத் தட்டைக் கல், தண்ணீர் விட்டு. துடைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தடவி, செய்தித்தாளில் சுற்றி வையுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.